கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்: 1981 படமும் 2010 மறு ஆக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், வீடியோ நாடாவில் பழைய படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களும், திரையரங்கில் புதிய படத்தை முதலில் பார்த்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்கிறார்கள். அவர்களுக்கிடையே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்து, என்னால் இயன்றவரை விடை எழுதியிருக்கிறேன். நான் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். பழைய படத்தின் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு இது?

கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் கதையைச் சொல்லும் மாயாஜால சாகசப் படம் இது. 1981ஆம் ஆண்டு வெளிவந்த மூலப் படத்தை டெஸ்மண்ட் டேவிஸ் இயக்கினார். ஹாரி ஹாம்லின் பெர்சியஸாகவும், லாரன்ஸ் ஒலிவியர் தேவர்களின் அரசனான ஜீயஸாகவும், மேகி ஸ்மித் கடல் தெய்வமான தெட்டிஸாகவும் நடித்தார்கள். ஆயினும் ரசிகர்கள் யாரும் அதை டேவிஸின் படம் என்று சொல்வதில்லை. அதன் விலங்குகளையும் அரக்கர்களையும் தம் கையால் அசைத்து உயிர்ப்பித்த ரே ஹாரிஹவுசனின் படம் என்றே சொல்கிறார்கள். அவர் பணியாற்றிய கடைசி முழுநீளப் படமும் அதுவே.

மறு ஆக்கம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வெளிவந்தது. பிரெஞ்சுக்காரரான லூயி லெட்டரியே இயக்க, சாம் வொர்திங்டன் பெர்சியஸாகவும், லியாம் நீசன் ஜீயஸாகவும், ரேஃப் ஃபைன்ஸ் பாதாள தெய்வமான ஹேடிஸாகவும் நடித்தார்கள்.

இரண்டு படங்களின் கதையும் ஒன்றுதானா?

எலும்பு ஒன்று, சதை வேறு. இரண்டிலும் ஜீயஸின் மகனாகப் பிறந்த பெர்சியஸ், கடல் அரக்கனான கிராக்கனுக்குப் பலியிடப்பட இருக்கும் இளவரசி ஆண்ட்ரோமெடாவைக் காப்பதற்காக, பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் தலையை வெட்டி எடுத்து வருகிறான். பழைய படத்தில் அவன் ஆண்ட்ரோமெடாவின் மேல் கொண்ட காதலால் புறப்படுகிறான். தெட்டிஸ் தன் மகன் கலிபோஸ் சபிக்கப்பட்டதற்குப் பழி தேடுகிறாள். ஆண்ட்ரோமெடாவின் தாய் தன் மகளின் அழகை அந்தத் தெய்வத்தின் அழகுக்கு மேலாகப் புகழ்ந்ததும், கோயிலிலுள்ள தெட்டிஸின் சிலை தலை உருண்டு விழுந்து, அந்தத் தலையே பலி கேட்கிறது. புதிய படத்தில் பெர்சியஸை வளர்த்த குடும்பத்தை ஹேடிஸ் கொன்றுவிடுகிறான்; அந்தக் கோபமே அவனைச் செலுத்துகிறது. ஆண்ட்ரோமெடா அங்கே அவன் காதலி அல்ல. அந்த இடத்தில் அயோ என்ற புதிய பாத்திரம் நிற்கிறது.

பழைய படத்தின் மேல் ரசிகர்களுக்கு இவ்வளவு பற்று எதனால்?

பொதுவான காரணம் ஒன்று; எங்கள் ஊருக்கே உரிய காரணம் ஒன்று.

பொதுவான காரணம் கைவேலை. ஹாரிஹவுசன் 1920இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது, 1933இல் வந்த கிங் காங் படத்தைப் பார்த்து மயங்கி, அந்தக் குரங்கை அசைத்த வில்லிஸ் ஓபிரையனையே பின்னர் தம் குருவாக அடைந்தார். மூட்டுகள் பொருத்திய உலோக எலும்புக்கூட்டின் மேல் ரப்பர்த் தோல் போர்த்திய பொம்மையை, மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம் எடுத்து, மறுபடியும் நகர்த்தி இன்னொரு படம் எடுத்து, இப்படி 24 படங்கள் சேர்ந்தால்தான் திரையில் ஒரு நொடி ஓடும். 1963இல் வந்த ஜேசன் அண்ட் த ஆர்கனாட்ஸ் படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதரோடு வாட்போர் செய்யும் சில நிமிடக் காட்சிக்கு அவருக்கு நான்கு மாதங்களுக்கு மேல் பிடித்தது. 1981 படத்தின் மெடூசாவுக்கோ தலையில் முடிக்குப் பதில் பாம்புகள். ஒவ்வொரு பாம்பையும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே நகர்த்த வேண்டும். இந்த உழைப்பு பார்ப்பவனுக்குக் கணக்காகத் தெரியாவிட்டாலும், அந்த உருவங்களின் அசைவில் இருக்கும் மெல்லிய தடுமாற்றத்தில் ஒரு மனிதக் கை பட்டிருப்பதை அவன் கண் உணர்ந்துகொள்கிறது என்றே நம்புகிறேன்.

எங்கள் ஊரின் காரணம் வேறு. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது 1976ஆம் ஆண்டு ஜனவரியில்தான். அதற்கு முன் டர்பனின் கிரே தெருவைச் சுற்றியிருந்த அவலான், ஷாஜகான் போன்ற பயாஸ்கோப்புகளே எங்கள் மக்களுக்குக் கதை காட்டும் இடங்களாக இருந்தன. நிறவெறிச் சட்டங்கள் யார் எங்கே வாழலாம் என்று விதித்து, நகரத்தை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் பெயர்த்த பிறகு, நகரத்துப் பயாஸ்கோப்புக்குப் போவது பேருந்துக் கட்டணமும் நேரமும் தின்னும் பயணமாகிவிட்டது. எண்பதுகளில் வீடியோ நாடா வந்தபோது, வீட்டுக் கூடமே பயாஸ்கோப்பாக மாறியது. மாமா வாடகைக்கு எடுத்து வரும் நாடாக்களில் இந்தப் படமும் ஒன்று. சனிக்கிழமை மாலையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பிக் கொடுப்பதற்குள் மூன்று முறை பார்த்துவிடுவோம். எங்கள் ஆயாவுக்கு அதில் ஒரு வசனமும் புரியாது. ஆனால் மெடூசா வில்லை எடுத்ததும் புடவைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொள்வார். மொழி வேண்டாத கதையாக அது எங்கள் வீட்டில் நுழைந்தது. அப்படி நுழைந்த ஒன்றை வேறொருவர் மாற்றிச் செய்யும்போது கோபம் வருவது இயல்புதான்.

மறு ஆக்கம் வந்தவுடன் ரசிகர்கள் முதலில் சொன்ன குறை எது?

முப்பரிமாணம். படம் சாதாரண முறையிலேயே எடுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான அவதார் முப்பரிமாணத்தில் பெரும் வெற்றி பெற்றதைக் கண்டதும், முடிந்துவிட்ட இந்தப் படத்தையும் முப்பரிமாணத்துக்கு மாற்றத் தயாரிப்பாளர்கள் முடிவு செய்தார்கள். வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்து, ஏறத்தாழ பத்து வாரங்களுக்குள் அந்த மாற்றத்தைச் செய்து முடித்தார்கள். விளைவு, உருவங்கள் அட்டையில் வெட்டி ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்திவைத்தவை போலத் தெரிந்தன, காட்சிகள் இருண்டன. இயக்குநர் லெட்டரியேயே பிற்காலத்தில் இந்த முப்பரிமாண மாற்றத்தை வெளிப்படையாகக் குறை கூறினார்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் குறை படத்தின் மேல் ஒட்டப்பட்ட ஒன்றைப் பற்றியது. படத்தைப் பற்றியது அல்ல. சாதாரண வடிவத்தில் வீட்டில் பார்ப்பவருக்கு அது பொருந்தாது. ‘கண் வலித்தது, ஆகவே படம் மோசம்’ என்று பேசுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. நான்கு மாதம் ஒரு காட்சிக்குச் செலவிட்டவரின் கலையை மறு ஆக்கம் செய்யும்போது அவசரம் காட்டினார்கள் என்பதே பழைய ரசிகர்களை உறுத்தியது. அந்த உறுத்தல் நியாயமானது.

ஒரு இயந்திர ஆந்தைக்காக இவ்வளவு சண்டை ஏன்?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். எனக்கோ இந்த விவகாரத்தின் மையமே இதில்தான் இருக்கிறது.

பழைய படத்தில் பெர்சியஸ் தன் மாயத் தலைக்கவசத்தை இழந்த பிறகு, ஜீயஸ் அறிவுத் தெய்வமான அதீனாவிடம் அவளுடைய ஆந்தையை அவனுக்குக் கொடுக்கச் சொல்கிறார். அவளுக்குத் தன் பறவையைப் பிரிய மனமில்லை. தேவர்களின் கொல்லனிடம் சொல்லி, அதே வடிவில் உலோகத்தால் ஒன்று செய்து அனுப்புகிறாள். அதுதான் புபோ. அது கீச்சிடும், தலையைச் சுற்றும், விழும், எழும். அக்காலத்தில் வேறொரு விண்வெளிப் படத்தின் சிறிய இயந்திர மனிதனைப் பார்த்து இதைச் செய்தார்கள் என்று பலர் சொன்னார்கள். ஹாரிஹவுசன் அதை மறுத்தார். பழைய படத்தை விரும்பியவர்களிலேயே ஒரு பகுதியினர் அன்றும் இன்றும் புபோவைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குவதுண்டு.

மறு ஆக்கத்தில் பெர்சியஸ் பயணத்துக்கு ஆயத்தமாகும்போது, ஆயுதங்களுக்கிடையே அந்த ஆந்தையைக் கையில் எடுக்கிறான். இது என்ன என்று கேட்கிறான். அதை விட்டுவிடு என்று உடனிருக்கும் வீரன் சொல்கிறான். அவ்வளவுதான், ஆந்தை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. சிலர் இதைப் பழைய படத்துக்குச் செய்த வணக்கமாக எடுத்துக்கொண்டார்கள். பலர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். நான் இரண்டாம் கூட்டத்தில் இருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக 1860 முதல் வந்த தமிழர்கள் தங்களோடு கொண்டுவந்த அந்தக் கூத்து, இங்கே ஆங்கிலத்தில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்ற பெயரில் வழங்குகிறது. கூத்தில் முதலில் வருபவன் கட்டியக்காரன். அவன் சிரிக்க வைப்பான், அரசனையே கேலி செய்வான், கதை எங்கே நிற்கிறது என்று சொல்வான், தூக்கம் பிடித்தவரை எழுப்புவான். துரியோதனனின் வேடம் எவ்வளவு மிடுக்காக இருந்தாலும், கட்டியக்காரன் இல்லாமல் அந்த மிடுக்கை விடியும்வரை தாங்க முடியாது. புபோ அந்தப் படத்தின் கட்டியக்காரன். வேடிக்கை மட்டும் காட்டுவதும் இல்லை: கலிபோஸின் பிடியிலிருந்து சிறகுக் குதிரையான பெகாசஸை மீட்பதும், இறுதிப் போரில் கிராக்கனின் கவனத்தைத் திருப்புவதும் அந்த ஆந்தையே. தேவர்கள் கொடுத்த வலிய பொருள்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போக, மாற்றாகச் செய்யப்பட்ட எளிய பொருள் கடைசிவரை உடன் வருகிறது. புதிய படத்தை எடுத்தவர்கள் ஆந்தையை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் அது அவர்கள் உரிமை, காட்டாமலே இருந்திருக்கலாம். காட்டிவிட்டு எறிவது வேறு செயல்.

யாருடைய மெடூசா சிறந்தது?

இதில் பழைய படத்தின் எதிர்ப்பாளர்கள்கூட அதிகம் வாதாடுவதில்லை.

ஹாரிஹவுசனின் மெடூசாவுக்கு இடுப்புக்குக் கீழே கிலுகிலுப்பைப் பாம்பின் உடல், கையில் வில். தீவெட்டி வெளிச்சம் மட்டும் ஆடும் இருண்ட மண்டபத்தில், கைகளை ஊன்றித் தன் உடலை இழுத்துக்கொண்டு மெல்ல வருகிறாள். அவள் வருவதற்கு முன்பே வால் கிலுகிலுக்கும் ஒலி வந்துவிடுகிறது. பெர்சியஸ் தூணுக்குப் பின்னால் வியர்த்து நிற்கிறான். அந்தக் காட்சி முழுவதும் காத்திருப்பால் ஆனது. அவள் முகத்தில் கொடுமை மட்டும் இல்லை. தனித்து வாழ்ந்த ஒருத்தியின் களைப்பும் இருக்கிறது. ரப்பரில் அதைக் கொண்டுவந்த கையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

புதிய மெடூசாவின் முகம் நதாலியா வோதியானோவா என்ற விளம்பர அழகியின் முகம். உடல் கணினி வரைகலை. அழகான முகம் தாக்கும் நொடியில் மட்டும் கோரமாக மாறுகிறது. சாபத்துக்கு முன் அவள் அழகியாக இருந்தாள் என்ற புராணச் செய்திக்கு அது பொருத்தமான எண்ணம்தான். அயோ அவளுடைய பழங்கதையைப் பரிவோடு சொல்லும் இடமும் பழைய படத்தில் இல்லாத நன்மை. ஆனால் அவள் எரிமலைக் குழம்பின் மேல் பாய்ந்து பாய்ந்து வருகிறாள், வீரர்கள் அடுத்தடுத்துக் கல்லாகிறார்கள், எல்லாம் விரைவாக முடிந்துவிடுகிறது. விரைவு பயத்தைக் கொன்றுவிடுகிறது. இங்கே கணினியைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. அதே கணினியைக் கொண்டு மெதுவாகவும் நகர்த்தியிருக்கலாம்.

புதிய பெர்சியஸ் தெய்வ உதவியை மறுப்பதை ஏன் பலர் ஏற்கவில்லை?

இதுதான் இரண்டு படங்களுக்கும் நடுவிலுள்ள ஆழமான பிளவு.

பழைய படத்தில் ஒலிம்பஸ் மலையில் ஜீயஸிடம் சிறிய களிமண் உருவங்கள் இருக்கின்றன. மனிதர் ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம். அதை எடுத்துச் சிற்றரங்கில் நிறுத்தினால் கீழே அந்த மனிதனின் வாழ்வு திரும்புகிறது. பொம்மலாட்டம் பார்த்த சமூகத்துக்கு இந்தப் படிமத்தை விளக்க வேண்டியதில்லை. பொம்மைகளை நகர்த்தியே வாழ்ந்த கலைஞர் ஒருவர் தம் கடைசிப் படத்தில் இந்தக் காட்சிக்கு இடம் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்த உலகில் பெர்சியஸ் வாள், கேடயம், கவசம் ஆகியவற்றைத் தெய்வங்களிடமிருந்து பணிவோடு பெறுகிறான். அவற்றைக் கொண்டு தன் துணிவால் வெல்கிறான்.

புதிய பெர்சியஸ், தெய்வங்கள் தன் குடும்பத்தைக் கொன்றவை என்பதால், மனிதனாகவே வெல்வேன் என்கிறான்; ஜீயஸ் அனுப்பிய வாளைத் தொட மறுக்கிறான். இந்த எண்ணத்தை நான் இகழவில்லை. சட்டத்தை எதிர்த்து நின்று பழகிய ஒரு நாட்டில், மேலிருந்து ஆள்பவரிடம் கைநீட்ட மாட்டேன் என்று சொல்பவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். என் அக்காள் மகன் இந்தப் படத்தை விரும்புவதற்கே அதுதான் காரணம். சிக்கல் என்னவென்றால், படம் அந்த உறுதியைக் கடைசிவரை காப்பாற்றவில்லை. மறுத்த வாளையே பெர்சியஸ் ஏந்துகிறான், அதை எறிந்தே ஹேடிஸை விரட்டுகிறான், இறந்துபோன அயோவை ஜீயஸே உயிர்ப்பித்துக் கொடுக்கிறார். தெய்வத்தை மறுத்தவன் தெய்வத்தின் பரிசுகளோடு கதையை முடிக்கிறான். மறுத்தவன் மனம் மாறியதைக் காட்டும் ஒரு காட்சியேனும் இருந்திருந்தால், அது பெரிய கதையாகியிருக்கும்.

ஹேடிஸை வில்லனாக்கியது சரியா?

சரியல்ல. கிரேக்கர்களின் ஹேடிஸ் இறந்தோர் உலகத்தின் அரசன்; கண்டிப்பானவன், ஆனால் தீயவன் அல்ல. ஜீயஸை ஏமாற்றி அவர் அரியணையைப் பறிக்கச் சதி செய்யும் ஹேடிஸ், கிறித்தவச் சாத்தானின் சாயலை ஏற்றி வரைந்த உருவம். யமனை யமதருமராசன் என்று அழைக்கும் நமக்கு இந்தப் பிழை உடனே கண்ணில் படும். மரணத்தின் தெய்வம் நடுநிலை தவறாதவன் என்பதால்தானே அவன் பெயரோடு தருமம் ஒட்டியிருக்கிறது? ஃபைன்ஸ் கரகரத்த தாழ்குரலில் நன்றாகவே நடித்திருக்கிறார் என்பது தனிச் செய்தி.

கிரேக்க மூலத்துக்கு எந்தப் படம் நெருக்கமானது?

இரண்டும் நெருக்கமில்லை. ஆகவே ‘மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று புதிய படத்தை மட்டும் குறை சொல்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். கிராக்கன் என்பது வட ஐரோப்பியக் கடலோடிகளின் கதைகளில் வரும் பூதம். கிரேக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. கலிபோஸ் பழைய படத்துக்காகப் படைக்கப்பட்டவன். பெகாசஸ், மெடூசாவின் தலை வெட்டுண்டபோது அவள் குருதியிலிருந்து பிறந்த குதிரை. ஆண்ட்ரோமெடாவை மீட்கப் புராணப் பெர்சியஸ் வந்தது சிறகு முளைத்த காலணிகளில். இவை பழைய படத்திலேயே செய்யப்பட்ட மாற்றங்கள். புதிய படம் அரபுக் கதைகளின் ஜின்னைச் சேர்த்தது, பெகாசஸைக் கறுப்பாக்கியது. அயோவைச் சேர்த்ததுதான் மிகவும் வினோதமானது: புராண வமிசாவளியின்படி அவள் பெர்சியஸுக்குப் பல தலைமுறை முந்தைய மூதாட்டி.

ஆண்ட்ரோமெடா ஆப்பிரிக்காவின் இளவரசி என்கிறார்களே, உண்மையா?

கிரேக்க மரபில் அவள் தந்தை செபியஸ் ஐத்தியோப்பியாவின் அரசன். எகிப்துக்குத் தெற்கே, கருநிற மக்கள் வாழும் நாட்டையே கிரேக்கர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரால் குறித்தார்கள். அவளைக் கட்டிப்போட்ட பாறை இன்றைய இஸ்ரேலிலுள்ள யோப்பா கடற்கரையில் இருந்தது என்று சொல்லும் பழைய ஆசிரியர்களும் உண்டு. 1981 படம் அந்த வழக்கைப் பின்பற்றுகிறது. ரோமக் கவிஞர் ஓவிட், பெர்சியஸின் மனத்தைக் கவர்ந்த ஆண்ட்ரோமெடா தன் நாட்டின் கருமை நிறம் கொண்டவள் என்று பாடியிருக்கிறார். இரண்டு படங்களிலுமே அவள் வெள்ளையழகியாகத்தான் வருகிறாள். புதிய படமோ அவளை ஆர்கோஸ் நகரத்து இளவரசியாகவே ஆக்கிவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வி வேறு நாடுகளைவிடக் கூர்மையாக எழுவதில் வியப்பில்லை. தோலின் நிறத்தைக் கொண்டு பள்ளி, கடற்கரை, திரையரங்கு ஆகிய எல்லாவற்றையும் பிரித்துவைத்த சட்டங்களை நேரில் கண்டவர்கள் இங்கே இன்னும் வாழ்கிறார்கள். சிறுவயதில் நாங்கள் இதைக் கேட்கவே இல்லை. திரையில் இளவரசி என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று எண்ணிவிட்டோம். 1981இல் நழுவவிட்டதை 2010இல் திருத்துவதற்கு மறு ஆக்கத்துக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. மாற்ற வேண்டாதவற்றை எல்லாம் மாற்றியவர்கள், மாற்றியிருக்க வேண்டிய இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டது எனக்கு ஆந்தையைவிடப் பெரிய வருத்தம்.

‘கிராக்கனை அவிழ்த்து விடுங்கள்’ என்ற வசனம் எந்தப் படத்தினுடையது?

இரண்டிலும் உண்டு. பழைய படத்தில் ஒலிவியர் சொன்னார். ஆனால் அது உலகெங்கும் கேலிப் படங்களிலும் சட்டைகளிலும் பரவியது, புதிய படத்தின் முன்னோட்டத்தில் நீசன் முழங்கிய பிறகே.

புதிய படத்தை விரும்புபவர்கள் முன்வைக்கும் வாதங்கள் என்ன?

முதலாவது, அளவு. பாலைவனத்தில் மாபெரும் தேள்களோடு நடக்கும் சண்டையில், அவற்றின் முதுகில் ஏறிப் போரிடும் வீரர்களை ஒரே சட்டகத்தில் ஒன்றாகக் காட்ட முடிந்தது. டெனெரிஃபே தீவின் எரிமலை நிலத்தில் எடுத்த வெளிப்புறக் காட்சிகள் கண்ணுக்கு நிறைவானவை. இரண்டாவது, துணை வீரர்கள். மேட்ஸ் மிக்கெல்சன் நடித்த டிராகோ, புன்னகைக்க மறந்த படைத்தலைவன், மெடூசாவின் குகையில் கல்லாவதற்கு முன் செய்யும் செயல் பலருக்கு மறக்காது. மூன்றாவது, பழைய படத்தின் நடுப்பகுதி மெதுவானது; ஹாம்லினின் பெர்சியஸ் அழகாக நிற்பதைத் தவிர அதிகம் செய்வதில்லை. இந்த மூன்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது வாதத்தை இளையவர்கள் சொல்கிறார்கள்: ‘நீங்கள் பத்து வயதில் பார்த்தது உங்களுக்குப் பெரிது, நாங்கள் பத்து வயதில் பார்த்தது எங்களுக்குப் பெரிது.’ இதற்கு எதிர்வாதம் கிடையாது, தேவையும் இல்லை.

வசூல் நன்றாக இருந்ததே, பிறகு குறை சொல்வது எதற்கு?

உலகெங்கும் ஏறத்தாழ 49 கோடி டாலர் வசூலானது உண்மை. அதனால்தான் 2012இல் ராத் ஆஃப் த டைட்டன்ஸ் என்ற இரண்டாம் பாகமும் வந்தது. அதை இயக்கிய ஜோனதன் லீப்ஸ்மன் ஜொகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். நம் நாட்டுக்காரர் என்பதாலேயே இங்கே பலர் அதை ஆவலோடு போய்ப் பார்த்தார்கள். அதில் தேவர்களின் கொல்லன் புபோவோடு பேசிக்கொண்டிருப்பது போல ஒரு சிறு காட்சி உண்டு. ஆந்தைக்காக வருந்தியவர்களுக்கு அது ஓரளவு ஆறுதல். ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கியவர் எல்லாரும் மனநிறைவோடு வெளியே வந்தார்கள் என்று வசூல் தொகை சொல்லாது.

கதையை மாற்றிச் சொல்வது தமிழருக்குப் பழக்கமாயிற்றே, இதில் மட்டும் எதிர்ப்பு எதற்கு?

நல்ல கேள்வி, இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இதுதான்.

வியாசரின் பாரதத்தில் இல்லாத எத்தனையோ நிகழ்ச்சிகள் நம் கூத்தில் உண்டு. திரௌபதியம்மன் கோயில்களில் தீமிதிக்கு விரதம் இருக்கும் பக்தரிடம் போய், இது மூலநூலில் இல்லை என்று யாரும் வாதாடுவதில்லை. களப்பலியாகத் தன்னைக் கொடுத்த அரவானின் வெட்டுண்ட தலை பாரதப் போர் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டு வளர்ந்த நமக்கு, வெட்டிய பின்னும் ஆற்றல் குறையாத மெடூசாவின் தலை அந்நியமாகவே தோன்றவில்லை. நேட்டாலுக்கு வந்த கூத்தும் இந்த மண்ணில் மாறித்தான் இருக்கிறது. தமிழ் விளங்காத தலைமுறைக்காக ஆங்கில விளக்கம் கலக்கவும் நேர்ந்திருக்கிறது. எனவே மாற்றம் என்ற சொல்லைக் கேட்டே முகம் சுளிப்பவர்கள் அல்லர் நாம்.

ஆனால் கூத்தில் மாற்றுபவர் அந்தக் கதைக்குள் வாழ்பவர். துரியோதனன் வேடம் கட்டுபவர் பல ஆண்டுகள் அதே வேடத்தைப் பார்த்து, அதற்கு மாலை போட்டு, பிறகே தம் பங்குக்கு ஒரு வரி சேர்க்கிறார். அவர் சேர்க்கும் வரி பிடிக்காவிட்டாலும், வேடத்தின் மேல் அவருக்கு மதிப்பு உண்டா என்ற ஐயம் நமக்கு எழுவதில்லை. 2005இல் பீட்டர் ஜாக்சன் கிங் காங்கை மறுபடியும் எடுத்தபோது படம் மூன்று மணி நேரம் நீண்டுவிட்டது என்று குறை சொன்னவர்கள் உண்டு; ஆனால் 1933 படத்தின் மேல் அவருக்கு இருந்த காதலை ஒருவரும் ஐயுறவில்லை. லெட்டரியேயும் பழைய படத்தை விரும்பியவர் என்றே சொல்லப்பட்டது. அதை நான் நம்புகிறேன். அவருடைய விருப்பம் திரைக்கு வந்து சேர்வதற்கு முன், வெளியீட்டு நாளும் முப்பரிமாணக் கணக்கும் குறுக்கே வந்துவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹாரிஹவுசன் இப்போது இருக்கிறாரா?

இல்லை. 2013ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் லண்டனில், தம் 92ஆம் வயதில் காலமானார். அவர் செய்த பொம்மைகள் பல பாதுகாக்கப்பட்டு இன்றும் கண்காட்சிகளில் வைக்கப்படுகின்றன.

பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டலாம்?

பழையதை முதலில் காட்டுங்கள் என்பதே என் பரிந்துரை. புதிய படத்தின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்குப் பழைய படத்தின் அசைவுகள் பழுதாகத் தோன்றிவிடும். பழையதிலிருந்து புதியதற்குப் போகும் பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு மெடூசா வரும் பகுதி அச்சம் தரும் என்பதால், பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது நல்லது. பார்ப்பதற்கு முன்போ பின்போ, ஒரு களிமண் உருண்டையும் கைப்பேசியும் கொடுத்து, பொம்மை ஒன்றைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கச் சொல்லுங்கள். என் தங்கையின் பெண் சென்ற ஆண்டு விடுமுறையில் அப்படி ஒரு யானையை நடக்க வைத்தாள்; ஒரு முழு மதியப் பொழுது முயன்று நான்கு நொடி ஓடும் காட்சி கிடைத்தது. மாலையில் புபோ திரையில் தடுமாறி விழுந்தபோது, மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மட்டும் படத்தை நிறுத்தச் சொல்லி, அந்த விழுதலுக்கு எத்தனை படம் எடுத்திருப்பார்கள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.